திடலோரம் கேள்வி பதில்: காசைக் காட்டிக் கூப்பிடுகிறார்கள்

போன மாதம் இந்தப் பக்கத்தில் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அங்கே படிக்கிற விளையாட்டாளர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்து இப்போது காசு வாங்கலாம் என்று. அந்த நாலு வரிக்குப் பதினொரு கடிதங்கள் வந்துவிட்டன. நாலு கடிதங்களுக்குத்தான் இங்கே இடம் இருக்கிறது. கடைசிக் கடிதம் எங்கள் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்தது. அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மற்ற மூன்றையும் படித்துவிட்டு அதற்கு வந்தால் விஷயம் நன்றாகப் புரியும் என்பதால் அதைக் கடைசியில் வைத்திருக்கிறேன்.

கேள்வி: ஐயா, விளம்பரக் காசு வந்த பிறகு நல்ல ஆட்டக்காரர்களைப் பணக்காரக் கல்லூரிகளே அள்ளிக்கொண்டு போய்விடாதா? மற்றக் கல்லூரிகளுக்கு என்ன மிஞ்சும்?
படிவம் ஆறு மாணவர், கோலகங்சார்

பதில்: தம்பி, அங்கே ஆள் சேர்ப்பது எப்படி என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நம்மூரில் பிள்ளைகள்தான் பல்கலைக்கழகத்துக்கு மனுப் போடுகிறார்கள். அமெரிக்காவில் நன்றாக ஆடுகிற பையனைத் தேடிப் பயிற்றுநரே வீட்டுக்கு வருவார். ஏறக்குறையப் பெண் பார்க்க வருகிற மாதிரிதான். கூடத்தில் உட்கார்ந்து, அம்மா வைத்ததைச் சாப்பிட்டு, உங்கள் மகனை என் மகனாகப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போவார். 2021 வரை அவர் சட்டப்படி கொடுக்க முடிந்தது படிப்புச் செலவு, தங்குமிடம், சாப்பாடு, கொஞ்சம் கைச்செலவு. எல்லாப் பெரிய கல்லூரிகளும் கிட்டத்தட்ட அதையேதான் கொடுக்க முடியும். அதனால் போட்டி வேறு பக்கம் போனது. யாருடைய அரங்கம் பெரியது, யாருடைய உடற்பயிற்சிக்கூடம் புதியது, எந்தப் பயிற்றுநருக்குப் பெயர் அதிகம் என்று. ரகசியமாகக் காசும் கைமாறியது. டெக்சாஸில் சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகம் பிடிபட்டபோது அதன் அமெரிக்கக் கால்பந்து அணியின் (பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிற ஆட்டம் அது) 1987ஆம் ஆண்டுப் பருவம் முழுவதையும் ரத்து செய்துவிட்டார்கள். என்.சி.ஏ.ஏ. என்கிற கல்லூரி விளையாட்டு மன்றம் அவ்வளவு கடுமையாக இருந்த காலம் அது.

விளையாட்டாளர்கள் விளம்பரக் காசு வாங்க வழிசெய்து 2019இல் கலிபோர்னியா மாநிலம் முதல் சட்டம் போட்டது. 2021 ஜூன் 21 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒரே முடிவாக அந்த மன்றத்துக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னார்கள். வழக்கு படிப்பு சம்பந்தமான சலுகைகளைப் பற்றியதுதான். ஆனால் அந்தத் தீர்ப்போடு மன்றத்தின் பிடி தளர்ந்துவிட்டது. பத்தே நாளில், ஜூலை 1 முதல், விளம்பரக் காசுக்கு வழி விட்டார்கள். ஃபிரெஸ்னோ ஸ்டேட்டில் கூடைப்பந்து ஆடிக்கொண்டிருந்த காவிண்டர் இரட்டைச் சகோதரிகள் அன்றைக்கே ஒரு கைப்பேசி நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டார்கள். அடுத்த ஆண்டு அவர்கள் மயாமி பல்கலைக்கழகத்துக்கு மாறிவிட்டார்கள்.

சட்டம் போட்டவர்கள் நினைத்தது இதுதான்: ஒரு பையன் நன்றாக ஆடினால் ஊரிலுள்ள கார் கடை அவன் படத்தைப் போட்டு அவனுக்கு ஏதாவது கொடுக்கும். நடந்தது வேறு. பழைய மாணவர்களும் வசதியான ரசிகர்களும் சேர்ந்து நிதி திரட்ட ஆரம்பித்தார்கள். தோட்டத்தில் மாரியம்மன் திருவிழாவுக்குத் தலைக்கு இவ்வளவு என்று வசூல் பண்ணுவோமே, அந்த மாதிரி. அந்த நிதியிலிருந்து ஆட்டக்காரனுக்கு ஒப்பந்தம். தாளில் விளம்பரம் என்று இருக்கும், ஆனால் அது எங்கள் கல்லூரிக்கு வந்து ஆடு என்பதற்கான கூலி. காசைக் காட்டி ஆள் சேர்க்கக் கூடாது என்று மன்றம் ஒரு விதி வைத்திருந்தது. டென்னசியும் வர்ஜீனியாவும் வழக்குப் போட்டு, 2024 பிப்ரவரியில் நீதிமன்றம் அந்த விதிக்குத் தடை போட்டுவிட்டது. அதன் பிறகு ஒரு பையன் சேருவதற்கு முன்பே விலை பேசலாம் என்றாகிவிட்டது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். தொடக்கத்தில் எனக்கே ஒரு நம்பிக்கை வந்தது. 2021 டிசம்பரில் டிராவிஸ் ஹண்டர் என்ற அமெரிக்கக் கால்பந்து ஆடுகிற பையன், அந்த ஆண்டு நாட்டிலேயே மிகச் சிறந்தவர்களில் ஒருவன் என்று மதிப்பிடப்பட்டவன், புளோரிடா ஸ்டேட்டுக்குக் கொடுத்த வாக்கை விட்டுவிட்டு ஜாக்சன் ஸ்டேட்டில் சேர்ந்தான். மிசிசிப்பியில் கறுப்பினப் பிள்ளைகளுக்காக எழுந்த கல்லூரி அது. முதல் வரிசைக் கல்லூரியே இல்லை. அங்கே பயிற்றுநராக இருந்தவர் டியோன் சாண்டர்ஸ். சரி, சின்ன இடத்துக்கும் பெரிய ஆள் போக இனி வழி உண்டு என்று நினைத்தேன். ஒரு வருடம்தான். சாண்டர்ஸ் கொலராடோவுக்குப் போனார், ஹண்டரும் கூடவே போனான். 2024இல் அந்த ஆட்டத்தில் நாட்டின் மிகச் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருது அவன் கைக்கு வந்தபோது அவன் போட்டிருந்தது கொலராடோ சட்டை.

கல்லூரி மாறுவதும் இந்தக் கதையில் பாதி. முன்பு மாறினால் ஒரு வருடம் ஆடாமல் உட்கார வேண்டும். 2021இல் ஒருமுறை மாறலாம் என்றார்கள், 2024இல் எத்தனை முறை வேண்டுமானாலும் என்றார்கள். காசும் கதவும் ஒன்றாகத் திறந்ததால்தான் இத்தனை கலவரம். 2022இல் கான்சாஸ் ஸ்டேட்டில் கூடைப்பந்து ஆடிய நைஜல் பேக் மயாமிக்கு மாறினான். இரண்டு வருடத்துக்கு 8 லட்சம் டாலர், கூடவே ஒரு கார் என்று அதைக் கொடுத்த தொழிலதிபரே வெளியில் சொன்னார். அடுத்த பருவத்தில் மயாமி தன் வரலாற்றில் முதல்முறையாகத் தேசியக் கல்லூரிப் போட்டியின் கடைசி நான்கு அணிகளில் ஒன்றாக நின்றது. கான்சாஸ் ஸ்டேட்டின் நிலையை யோசித்துப் பாருங்கள். நம் செம்பனைத் தோட்டத்தில் நாற்றங்கால் இருக்கிறதே, கன்றைப் பையில் வைத்துத் தண்ணீர் ஊற்றி, ஒரு வருடம் பாதுகாத்து, அப்புறம் நடவுக்கு வேறு இடத்துக்கு ஏற்றி அனுப்புவோம். நடுத்தரக் கல்லூரிகள் அப்படித்தான் ஆகிவருகின்றன. பிஞ்சாக இருப்பவனை அவர்கள் கண்டுபிடித்து வளர்க்கிறார்கள், காய்க்கிற நேரத்தில் அவன் வேறு ஊரில் இருக்கிறான். எனக்கு வருத்தம் அங்கேதான். வளர்த்த பயிற்றுநருக்கு ஒரு நன்றிச் சொல்கூட மிஞ்சுவதில்லை. நாற்பது வருடம் பிள்ளைகளை ஓடவைத்தவன் என்பதால் அந்த வலி எனக்குத் தெரியும்.

ஆனால் காசு இருந்தால் ஜெயித்துவிடலாமா? அதை நேரில் பார்த்தேன். என் அக்காள் மகன் டெக்சாஸில் வேலை செய்கிறான். 2023 அக்டோபரில் அவன் என்னை டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் கைல் ஃபீல்டு அரங்கத்துக்குக் கூட்டிப்போனான். ஒரு லட்சம் பேருக்கு மேல். ஈப்போவில் பேராக் கால்பந்துக் குழுவின் ஆட்டத்துக்குக் கூட்டம் சேர்வதைப் பார்த்து வளர்ந்தவன் நான். இந்த ஒரு லட்சத்தைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு அந்தக் கல்லூரி நாட்டிலேயே முதலிடம் என்று மதிப்பிடப்பட்ட புதுமுகக் கூட்டத்தைச் சேர்த்திருந்தது. அத்தனை பேரையும் காசு கொடுத்து வாங்கினார்கள் என்று அலபாமாவின் பயிற்றுநர் நிக் சேபன் வெளிப்படையாகவே குற்றம் சொன்னார். அவர்கள் மறுத்தார்கள். அந்தக் கூட்டத்தோடு 2022இல் அவர்கள் ஐந்து ஆட்டம் ஜெயித்தார்கள், ஏழு தோற்றார்கள். நான் பார்த்த அன்றும் அலபாமாவிடம் 26-20 என்று தோற்றார்கள். அடுத்த மாதம் பயிற்றுநரை நீக்கினார்கள்.

இன்னொரு பக்கம் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம். பல ஆண்டுகள் அடிவாங்கிய அணி. நியூ மெக்சிகோ ஸ்டேட்டிலிருந்து டியேகோ பாவியா என்ற பையன் வந்தான். பள்ளி முடிந்தபோது பெரிய கல்லூரி எதுவும் அவனைத் தேடவில்லை, இரண்டாண்டுக் கல்லூரி ஒன்றில்தான் ஆடத் தொடங்கினான். 2024 அக்டோபர் 5 அன்று, அப்போது முதலிடத்தில் இருந்த அலபாமாவை 40-35 என்று வாண்டர்பில்ட் வென்றது. கோல்கம்பத்தைப் பிடுங்கித் தூக்கிக்கொண்டு பிள்ளைகள் நகரத் தெருவில் ஊர்வலம் போனார்கள். அந்தப் படத்தை வெட்டி ஒட்டி வைத்திருக்கிறேன்.

ஆக, தம்பி, என் பதில் இது. பெரிய கல்லூரி இன்னும் பெரிதாகிறது. ஆனால் அதன் மூன்றாவது வரிசையில் ஆடாமல் உட்கார்ந்திருந்த நல்ல பையன் இப்போது இரண்டாம் நிலைக் கல்லூரிக்கு இறங்கிவந்து ஆடுகிறான். அதனால் நடுவில் சில அணிகள் எழுகின்றன. அடியில் இருப்பவர்களுக்குத்தான் கதி இல்லை. விளையாட்டாளர்கள் மன்றத்தின் மேல் போட்ட வழக்கில் 2025 ஜூன் 6 அன்று நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புக்கொண்ட சமரசத்தால் கல்லூரியே நேரடியாக விளையாட்டாளர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கலாம், முதல் ஆண்டான 2025-26இல் அதன் உச்சவரம்பு சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர். வெளியிலிருந்து வரும் விளம்பர ஒப்பந்தம் 600 டாலரோ அதற்கு மேலோ இருந்தால் அறிவிக்க வேண்டும், அது உண்மையான விளம்பரந்தானா, விலை நியாயமா என்று பார்க்கிறார்கள். உச்சவரம்பு எல்லாருக்கும் ஒன்றுதான். அந்த வரம்பைத் தொடுவதற்குக் காசு வைத்திருக்கிற கல்லூரிகள் மிகச் சிலவே.

கேள்வி: படிக்கிற வயதில் இத்தனை காசைப் பிள்ளைகள் கையில் கொடுப்பது முறையா? நாங்கள் கல்வியே செல்வம் என்று சொல்லி வளர்த்தோம்.
ஓய்வுபெற்ற ஆசிரியை, ஈப்போ

பதில்: அம்மா, எட் ஓபேனன் என்பவரின் கதையைக் கேளுங்கள். 1995இல் யு.சி.எல்.ஏ. கூடைப்பந்து வெற்றியாளர் ஆனபோது அணியைத் தாங்கியவர் அவர். பல ஆண்டுகள் கழித்து ஒரு நண்பர் வீட்டில் வீடியோ விளையாட்டுத் திரையில் தன்னையே பார்க்கிறார். அதே மொட்டைத் தலை, அதே இடக்கை ஆட்டம், அதே 31ஆம் எண். கடையில் காசு கொடுத்து வாங்குகிற பொருள் அது. அவருக்கு ஒரு காசு வரவில்லை. 2009இல் வழக்குப் போட்டார், 2014இல் அவர் பக்கம் தீர்ப்பு வந்தது. இந்தக் கதவை முதலில் தட்டியவர் அவர்தான். தன் முகத்தை விற்று அடுத்தவன் சாப்பிடுவதை ஒரு மனிதன் தடுக்கக் கூடாதா? நம் தாத்தா பாட்டிமார் வெட்டிய பால்மரத்துப் பால் யாரைப் பணக்காரர் ஆக்கியது என்று நமக்குத் தெரியும். அதனால் இந்த விஷயத்தில் நான் பிள்ளைகள் பக்கம்.

டெக்சாஸில் நீக்கப்பட்ட பயிற்றுநரைச் சொன்னேனே, ஒப்பந்தப்படி அவருக்கு 7 கோடியே 50 லட்சம் டாலருக்கு மேல் கொடுக்க வேண்டியிருந்தது. இனி வேலை செய்யாமல் இருப்பதற்கு. அந்த வாரம் பேராசை என்ற சொல்லை நான் எந்தப் பத்திரிகையிலும் பார்க்கவில்லை. 19 வயதுப் பையன் கேட்டால் மட்டும் அந்தச் சொல் வந்துவிடுகிறது.

உங்கள் பயத்தில் ஒரு பாதியை ஒப்புக்கொள்கிறேன். காசைத் துரத்தி மூன்று வருடத்தில் மூன்று கல்லூரி மாறுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒரு கல்லூரியில் படித்த பாடத்தை இன்னொரு கல்லூரி முழுதாகக் கணக்கில் எடுப்பதில்லை. பந்து நின்ற பிறகு கையில் பட்டம் இல்லை என்றால் அந்தப் பிள்ளைக்கு யார் பொறுப்பு? இதை அங்கே ஆள் சேர்க்கிறவர் யாரும் வீட்டுக்கு வந்து சொல்வதில்லை.

கேள்வி: நம் நாட்டில் இப்படி ஆள் இழுப்பது இல்லையே?
வாசகர், பீடோர்

பதில்: உண்டு. மாநிலங்கள் மோதுகிற சுக்மா போட்டி நெருங்கும்போது ஒரு மாநிலத்தில் வளர்ந்த பிள்ளை இன்னொரு மாநிலச் சட்டையில் நிற்பதைத் திடலோரம் நிற்கிற எல்லாரும் பார்த்திருக்கிறோம். அதற்கு முன்னும் உண்டு. என் கதையையே சொல்கிறேன்.

1976இல் எனக்கு 19 வயது. தோட்டங்களுக்குள் கால்பந்துக் கிண்ணம் நடக்கும். நான் வலப்பக்கம் ஓடுகிறவன். ஆற்றுக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒருவர் எங்கள் லயத்துக்கு வந்தார். அம்மா கொடுத்த வரக்காப்பியைக் குடித்தார். எங்கள் அணிக்கு ஆடினால் ஆபீசில் சின்னக் கிராணி வேலை, ஒரு புதுச் சைக்கிள் என்றார். அப்பா மூன்று மணிக்கு எழுந்து வெட்டுக்காட்டுக்குப் போகிறவர். மகன் கிராணி ஆகிறான் என்றதும் அவருடைய முகம் மாறியதை இன்றைக்கும் மறக்கவில்லை. ஒரு தாளும் எழுதவில்லை. பெரியவர் வாக்குத்தானே என்றார் அப்பா.

சைக்கிள் வந்தது. நாலு ஆட்டம் ஆடினேன். ஐந்தாவதில் முட்டி திரும்பிவிட்டது. ஆறு வாரம் கழித்து ஊன்றுகோலோடு ஆபீஸ் வாசலில் போய் நின்றபோது அந்தக் கிராணி வேலைக்கு வேறு பையன் உட்கார்ந்திருந்தான். அவனும் வலப்பக்கம் ஓடுகிறவன்தான். எங்கள் தோட்டத்து அணியும் என்னைத் திரும்பச் சேர்க்கவில்லை. அம்மாதான் என்னை மறுபடியும் படிக்க அனுப்பினாள், ஆசிரியர் பயிற்சிக்குப் போனேன். அந்தத் தோட்டத்தின் பெயர் வேண்டாம். அப்பா அதற்குப் பிறகு என் ஆட்டத்தைப் பற்றிப் பேசவே இல்லை.

கேள்வி: ஐயாவுக்கு வணக்கம். நான் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறேன். என் மகளுக்கு 18 வயது, 400 மீட்டர் ஓடுவாள், மாநிலப் பள்ளி அளவில் இரண்டாவதாக வந்தாள். ஒருவர் வாட்ஸ்அப்பில் தொடர்புகொண்டார். அமெரிக்காவில் பல்கலைக்கழக இடம் வாங்கித் தருகிறாராம். முழு உபகாரச் சம்பளம், அதற்கு மேல் வருடத்துக்கு 30,000 டாலர் விளம்பரக் காசு வருமாம். இப்போது 8,000 வெள்ளி கட்டச் சொல்கிறார். உபகாரச் சம்பளம் கிடைத்ததும் அதில் பத்து விழுக்காடு அவருக்கு. என் மனைவி தாலிக்கொடியை அடகு வைக்கலாம் என்கிறாள். ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் வேண்டும் என்கிறார். என்ன செய்யட்டும்?
ஒரு தந்தை, சுங்கை சிப்புட்

பதில்: தம்பி, தாலிக்கொடியைத் தொடாதீர்கள். இந்த இதழ் அச்சாகும்முன் ஞாயிறு போய்விடும் என்பதால் இதைக் கடிதம் வந்த அன்றே ஆள் மூலம் உங்களுக்குச் சொல்லி அனுப்பினேன். மற்றப் பெற்றோருக்காக இங்கே விவரமாக எழுதுகிறேன்.

முதலில் அந்த 30,000 டாலர். உங்கள் மகள் போவது மாணவர் விசாவில். அந்த விசாவில் இருப்பவர் அனுமதி இல்லாமல் கல்லூரிக்கு வெளியே வேலை செய்யக் கூடாது. விளம்பரத்துக்குப் படம் எடுப்பதும், கடைத் திறப்புக்குப் போய் நிற்பதும் வேலை என்று எண்ணப்பட்டால் விசாவே போய்விடும். 2022இல் அமெரிக்காவின் மிகச் சிறந்த கல்லூரிக் கூடைப்பந்து ஆட்டக்காரர் என்று விருது வாங்கிய ஆஸ்கர் ஷிப்வே கொங்கோ நாட்டுக்காரர், கென்டக்கியில் படித்தார். கூட ஆடிய அமெரிக்கப் பிள்ளைகள் ஊருக்குள்ளேயே சம்பாதித்துக்கொண்டிருந்தபோது, இவர் அணியோடு பஹாமாஸ் தீவுக்குப் போன சில நாளில்தான் விளம்பர வேலைகளைச் செய்ய முடிந்தது, அது அமெரிக்க மண் இல்லை என்பதால். அவ்வளவு பெரிய பெயருக்கே அதுதான் நிலைமை. சுங்கை சிப்புட்டிலிருந்து முதல் வருடம் போகிற பெண்ணுக்கு 30,000 டாலர் என்று ஒருவர் எப்படி உறுதி சொல்கிறார்?

விசாவை விட்டாலும், அந்தக் காசு பெரும்பாலும் அமெரிக்கக் கால்பந்துக்கும் ஆண்கள் கூடைப்பந்துக்கும்தான் போகிறது. ஓட்டப் பிரிவுக்கு வருவது மிச்சம்.

இரண்டாவது, அந்தப் பத்து விழுக்காடு. இதுதான் என்னைப் பயமுறுத்தியது. இடம் தேடிக் கொடுப்பவருக்கு ஒரு நிலையான கட்டணம் கொடுக்கலாம் என்று என்.சி.ஏ.ஏ. அனுமதிக்கிறது. உபகாரச் சம்பளத்தில் பங்கு கொடுப்பதை அனுமதிப்பதில்லை. அப்படிக் கொடுத்தால் உங்கள் மகள் ஓடும் தகுதியே கேள்விக்குள்ளாகும். இது தெரியாதவர் அந்தத் தொழிலில் இருக்கக் கூடாது. தெரிந்தும் கேட்கிறார் என்றால் அவரிடமிருந்து விலகிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, முழு உபகாரச் சம்பளம் என்ற பேச்சு. ஓட்டப் பிரிவில் ஒரு தொகையைப் பலருக்குப் பிரித்துக் கொடுப்பதுதான் நெடுங்கால வழக்கம். கால் பங்கு, அரைப் பங்கு என்று வரும், மிச்சத்தை நீங்கள் கட்ட வேண்டும். 2025 சமரசத்துக்குப் பிறகு அதில் சேர்ந்த கல்லூரிகளில் உபகாரச் சம்பள எண்ணிக்கைக்கு இருந்த பழைய வரம்பு இல்லை, ஆனால் அணியில் இத்தனை பேர்தான் என்று வரம்பு வந்துவிட்டது. ஓட்டப் பிரிவில் பெண்கள் 45 பேர். இடம் குறைந்தால் பயிற்றுநர் என்ன செய்வார்? பள்ளி முடித்த 18 வயதுப் பெண்ணை மூன்று வருடம் வளர்ப்பதைவிட, வேறு கல்லூரியில் ஏற்கெனவே வேகம் காட்டிய 21 வயதுப் பெண்ணை எடுப்பார். மேலே கோலகங்சார் தம்பிக்குச் சொன்ன நாற்றங்கால் கதை உங்கள் வீட்டு வாசலுக்கு இப்படித்தான் வந்து சேர்கிறது. அமெரிக்கக் கால்பந்துக்காக ஏற்பட்ட போட்டி ஓட்டக்காரியின் இடத்தைச் சுருக்குகிறது.

இதையெல்லாம் சொல்வதால் போகக் கூடாது என்று சொல்கிறேன் என நினைக்காதீர்கள். நம் பேராக்கிலிருந்து போன முகமட் அசிம் ஃபாமி ஆபர்ன் என்ற பெரிய பல்கலைக்கழகத்தில் சேர்ந்து ஓடியவர். உங்கள் மகளின் தூரமான 400 மீட்டரில் ஷெரின் சாம்சன் வல்லபோய் மினசோட்டாவில் வினோனா ஸ்டேட்டில் ஓடியவர். என்.சி.ஏ.ஏ. கல்லூரிகளை மூன்று பிரிவாக வைத்திருக்கிறது, அது இரண்டாம் பிரிவுக் கல்லூரி, பெரிய அரங்கம் கிடையாது. அங்கே ஓடித்தான் அவர் மலேசியாவின் முதல்நிலை ஓட்டக்காரி ஆனார். கெடாவின் சிவசங்கரி கார்னெலில் படித்துக்கொண்டே ஸ்குவாஷ் ஆடினார். கார்னெல் இருக்கிற ஐவி லீக் என்கிற பல்கலைக்கழகக் கூட்டமைப்பு விளையாட்டுக்கென்று உபகாரச் சம்பளமே கொடுப்பதில்லை. பிறகு ஹாங்சோ ஆசியப் போட்டியில் தங்கம் வாங்கி வந்தார். இவர்களைத் தெரிந்துகொள்ள வேண்டியது விளம்பரக் காசுக்காக அல்ல. நல்ல பயிற்றுநர், படிப்பு, தன் நேரத்தைக் குறைக்க நாலு வருடம். அதைத் தேடிப் போனால் இரண்டாம் பிரிவுக் கல்லூரியும் நல்ல இடம். மூன்றாம் பிரிவில் விளையாட்டு உபகாரச் சம்பளம் கிடையாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

வழி இதுதான். மகளே என்.சி.ஏ.ஏ.வின் தகுதி மையத்தில் நேரடியாகப் பதியலாம். அவளுடைய ஓட்ட நேரங்கள், ஓடுகிற காணொளி, எஸ்.பி.எம். முடிவு ஆகியவற்றை வைத்துக் கல்லூரிப் பயிற்றுநர்களுக்கு அவளே மின்னஞ்சல் எழுதலாம். ஆங்கிலம் பார்த்துக் கொடுக்க எங்கள் பழைய மாணவி ஒருத்தி தயாராக இருக்கிறாள், காசு வேண்டாம் என்கிறாள். பதில் பல்கலைக்கழக முகவரியிலிருந்து வருகிறதா என்று பாருங்கள். வந்தால் பயிற்றுநரிடம் மகள் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. எத்தனை பங்கு, எத்தனை வருடத்துக்கு? காயம் பட்டால் அது தொடருமா? நீங்கள் வேறு கல்லூரிக்குப் போய்விட்டால் எனக்கு என்ன ஆகும்? பதிலை எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். முன்பு இந்தக் கல்லூரியில்தான் சேருவேன் என்று கையெழுத்துப் போடுகிற எண்ணக் கடிதம் என்று ஒன்று இருந்தது, 2024இல் அதை எடுத்துவிட்டார்கள். இப்போது கையெழுத்துப் போடுவது நிதியுதவி ஒப்பந்தத்தில்தான். தொகையும் காலமும் அதில் இருக்க வேண்டும்.

எழுத்தில் இருந்தாலே போதுமா என்றால், அதுவும் இல்லை. புளோரிடாவில் ஜேடன் ரஷாடா என்ற பையனுக்கு 1 கோடியே 38 லட்சத்து 50 ஆயிரம் டாலர் என்று ரசிகர் நிதியோடு ஒப்பந்தமே ஆகியிருந்தது. காசு வரவில்லை. 2023 தொடக்கத்தில் அவன் அங்கிருந்து விடுபட்டு வேறு கல்லூரிக்குப் போனான், 2024இல் பயிற்றுநர் மேலும் மற்றவர்கள் மேலும் வழக்குப் போட்டான். அவன் அமெரிக்கன், பக்கத்தில் வழக்கறிஞர்கள் உண்டு. நம் பிள்ளை அங்கே தனியாக நிற்பாள். அதனால் ஒப்பந்தத்தில் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இடையில் வந்த ஒருவருடைய பெயர் மட்டும் இருந்தால் கையெழுத்துப் போட வேண்டாம்.

உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள், அவர் மகளுக்காகச் செய்ய நினைத்தது எனக்குப் புரிகிறது. என் அம்மா அப்படித்தான் என்னைப் படிக்க வைத்தாள்.

வெள்ளிக்கிழமை மாலை ஐந்தரைக்குப் பிள்ளைகளைக் கோயில் பக்கத்துத் திடலில் ஓடவைக்கிறேன். லோரியைப் பாலத்துக்கு இந்தப் பக்கமே நிறுத்திவிடுங்கள், மழை பெய்தால் அங்கே சகதியாகிவிடும். அந்த ஆள் அனுப்பிய எல்லாவற்றையும் அச்செடுத்துக்கொண்டு வாருங்கள், சேர்ந்து வாசிக்கலாம். மகள் காலணியோடு வரட்டும். இரண்டு 400 மீட்டர் ஓடவிட்டு நேரம் எடுக்கிறேன். பயிற்றுநர்களுக்கு எழுதும்போது முதல் வரியில் அந்த நேரம்தான் வேண்டும்.